கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்

டிசம்பர் பிறந்துவிட்டால் கரீபியன் கடலில் கப்பல்களுக்குக் குறைவில்லை. மயாமியிலிருந்தும் சான் ஹுவானிலிருந்தும் பிரிட்ஜ்டவுனிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஏழு நாளில் நாலைந்து தீவுகளைத் தொட்டுவிட்டுத் திரும்புகின்றன. டொரண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் நம் குடும்பங்கள் குளிருக்குத் தப்பி இந்தக் கப்பல்களில் ஏறுகின்றன. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து போன அப்பா அம்மாக்களும் கூடவே போகிறார்கள். ஒவ்வொரு தீவிலும் கப்பல் காலை எட்டு மணி வாக்கில் கட்டும். சாயங்காலம் நாலு, ஐந்துக்குள் எல்லாரும் திரும்பி ஏறிவிட வேண்டும். நடுவில் கிடைக்கும் எட்டு மணி நேரத்தில் என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். துறைமுக வாசலிலேயே வரிசையாக வைரக்கடை, கைக்கடிகாரக் கடை, வரியில்லா மதுக்கடை. எந்தத் தீவில் இறங்கினாலும் இவை இருக்கும். பல இடங்களில் பெயர்ப் பலகைகூட மாறாது. முந்தின நாள் கப்பலில் நடக்கும் கூட்டத்தில் ‘நம்பிக்கையான கடைகள்’ என்று ஒரு வரைபடம் கொடுப்பார்கள். அதில் இடம்பெறக் கடைக்காரர்கள் பணம் கட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். அங்கே இரண்டு மணி நேரம் போய்விடும். பிறகு வேனில் ஏற்றி, நாலு இடத்தில் பத்துப் பத்து நிமிடம் நிறுத்தி, போட்டோ எடுக்கவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ராத்திரி சாப்பாட்டு மேசையில் ‘இன்றைக்குப் பார்த்தது எந்தத் தீவு?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் நிலை.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: ஒரு துறைமுகத்துக்கு ஒரே காரியம். அந்தத் தீவில் மட்டும் பார்க்கக் கிடைப்பது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். நேராக அங்கே போங்கள், நிதானமாக இருங்கள், அங்குள்ளவர்களிடம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். மணலும் கடலும் எல்லாத் தீவிலும் உண்டு. அதற்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

குவாதலூப்: மாரியம்மன் குடிகொண்ட கரை

தமிழர் ஒருவர் இந்தப் பயணத்தில் தவறவிடக் கூடாத இடம் குவாதலூப். பிரான்ஸின் பகுதியான இந்தத் தீவின் பெரிய துறைமுகம் புவாந்த்-அ-பித்ர். கப்பல் ஊரின் மடியிலேயே வந்து கட்டுகிறது.

1848-ல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்களில் பலர் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். தோட்ட முதலாளிகளுக்குக் கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைக் கப்பலேற்றினார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853-ல் மார்ட்டினிக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. 1880-களின் இறுதி வரை தொடர்ந்த இந்தக் குடியேற்றத்தில் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். கணிசமானோர் தமிழ் பேசும் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஊர் திரும்பியவர்கள் குறைவே.

துறைமுகத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் காபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊர். அதன் அருகே ஷாங்கி என்னும் இடத்தில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே ஒரு கோயில் நிற்கிறது. வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்களோடு அதைப் பார்க்கும்போது, வண்டி கடலூர்ப் பக்கம் எங்கோ திரும்பிவிட்டதோ என்று தோன்றும். தமிழ் வம்சாவளியினர் வழிபடும் மாரியம்மன் இங்கே மாலியெமென். மதுரை வீரன் மால்தேவிலின். நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நட்டுக் கும்பிடும் வழக்கமும் இவர்களிடம் உண்டு. காரைக்காலில் கப்பலேறியவர்கள் நாகூரைக் கையோடு கொண்டுபோனதில் வியப்பில்லை. வீட்டில் தமிழ்ப் பேச்சு எப்போதோ நின்றுவிட்டது. பூசையில் மட்டும், பொருள் மறந்த பின்னும் மனப்பாடமாகத் தமிழ்ப் பாட்டு வருகிறது. தபால்பெட்டியில் முத்துசாமி, ராமசாமி என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துகளில் இருக்கும்.

இந்த ஊர்க்காரர்தான் ஆன்றி சிதம்பரம். 1863-ல் பிறந்தவர். பிரெஞ்சு மண்ணில் பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் வேண்டும் என்று 1904 முதல் வழக்காடி, 1923-ல் வென்றவர். நம் பாடப் புத்தகங்களில் இடம்பெற்றிருக்க வேண்டிய பெயர் இது.

கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது இருந்தால் அனுமதி கேட்டு உள்ளே போகலாம். யாரும் இல்லையென்றால் வெளியில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. மேலும் போய் மலைப்பக்கம் ஏறினால் கார்பே அருவி. அதன் இரண்டாம் அருவி 110 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்டுப் பாதையில் கொஞ்சம் நடந்தால் அதைப் பார்க்கும் மேடைக்கு வந்துவிடலாம். கோயிலும் அருவியும் ஒரே திசையில் இருப்பதால் இரண்டையும் ஒரே வண்டியில் முடித்துவிடலாம். திரும்பும்போது புவாந்த்-அ-பித்ர் சாலைகளில் நெரிசல் அதிகம்; ஒரு மணி நேரம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு ஊருக்குள்ளேயே ‘மெமோரியல் ஆக்ட்’ இருக்கிறது. பழைய தார்புசியே சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-ல் திறந்த அடிமை வரலாற்று அருங்காட்சியகம் இது. கப்பலிலிருந்து நடந்தே போகலாம். போகும் வழியில் சந்தையில் மசாலா விற்கும் பெண்கள் தலையில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட துணியைக் கவனியுங்கள். ‘மெட்ராஸ்’ என்றே அதற்குப் பெயர். சோழமண்டலக் கரையில் நெய்து கப்பலில் வந்த துணி, இன்று இந்தத் தீவுகளின் தேசிய உடை. அந்தப் பெண்களிடம் ‘கொலொம்போ’ பொடி என்று கேட்டால் மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு சேர்த்து அரைத்த பொடியைக் கொடுப்பார்கள். நம் அடுப்பங்கரை வாசனை அதில் அப்படியே இருக்கிறது. ஆட்டுக்கறியோ கோழியோ போட்டு அதில் வைக்கும் குழம்பு குவாதலூப்பில் எல்லார் வீட்டிலும் கொதிப்பது. இந்திய வம்சாவளியினர் வீட்டில் மட்டும் அல்ல.

மார்ட்டினிக்: ஒரு காலையில் அழிந்த நகரம்

அடுத்த பிரெஞ்சுத் தீவு மார்ட்டினிக். கப்பல் நிற்கும் ஃபோர்-த-ஃபிரான்ஸ் நகரத்தை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். சவான் மைதானத்தின் எதிரே ஷொல்ஷேர் நூலகம். இரும்பும் கண்ணாடியும் கொண்டு பாரிஸில் செய்து, பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டிய கட்டடம்; 1893-ல் திறந்தது. நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் இந்தத் தீவில் பிறந்தவர். அவருக்குச் சவானில் இருந்த சிலையின் தலையை 1991-ல் யாரோ வெட்டினார்கள். 2020-ல் போராட்டக்காரர்கள் சிலையையே சாய்த்துவிட்டார்கள். நெப்போலியன் 1802-ல் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்ததை இந்த மக்கள் மறக்கவில்லை.

ஆனால் மார்ட்டினிக்கில் என் தேர்வு வடக்கே 30 கிலோமீட்டரில் இருக்கும் சான்-பியேர். ஒரு காலத்தில் கரீபியனின் பாரிஸ் என்று பெயரெடுத்த ஊர். நாடகக் கொட்டகை, டிராம், தெருவிளக்கு, செய்தித்தாள் எல்லாம் இருந்தன. தலைக்கு மேல் பெலே எரிமலை. 1902 ஏப்ரலில் அது புகைய ஆரம்பித்தது, சாம்பல் கொட்டியது. மே 5 அன்று சேற்று வெள்ளம் இறங்கி ஊருக்கு வடக்கே ஒரு சர்க்கரை ஆலையை மூடியது. சுற்றுக் கிராம மக்கள் நகரத்துக்குள் ஓடி வந்தார்கள், பாதுகாப்பென்று நினைத்து. மே 8 காலை எட்டு மணி தாண்டியதும் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சேர்ந்த மேகம் மலையிலிருந்து உருண்டு வந்தது. சில நிமிடங்களில் ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எரிந்து மூழ்கின.

பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் ஒருவர் கைதி சிபாரிஸ். தடித்த கல்சுவரும் சிறு துவாரமும் மட்டுமே கொண்ட தனிக்கொட்டடியில் அடைபட்டிருந்ததால் தீக்காயங்களோடு உயிர் தப்பினார். பிறகு ஒரு அமெரிக்க சர்க்கஸ் அவரை ஊர் ஊராகக் காட்டிப் பணம் பண்ணியது. அந்தக் கொட்டடி இன்றும் இருக்கிறது. பக்கத்தில் நாடகக் கொட்டகையின் படிக்கட்டு வானத்தைப் பார்த்து ஏறி நிற்கிறது. மேலே ஒரு சின்ன அருங்காட்சியகம். வளைந்து உருகிய தேவாலய மணி உள்ளே இருக்கிறது. இரண்டு மணி நேரம் இருந்தால் ஊர் முழுவதும் கால்நடையாகப் பார்க்கலாம். போகவும் வரவும் தலா ஒரு மணி நேரம். எட்டு மணி நேரக் கணக்கில் தாராளமாக அடங்கும்.

டொமினிக்கா: மழையும் வெந்நீரும்

டொமினிக்காவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 70,000. பெரிய கப்பல் ஒன்று வந்து கட்டினால் தலைநகர் ரோசோவின் தெருக்களில் உள்ளூர்க்காரர்களைத் தேட வேண்டியிருக்கும். வெள்ளை மணல் கடற்கரையை எதிர்பார்த்து இங்கே வராதீர்கள். இங்குள்ளது கறுப்பு எரிமலை மணல். காடு, ஆறு, வெந்நீர் ஊற்று ஆகியவைதான் இதன் செல்வம். 2017 செப்டம்பரில் மரியா புயல் இந்தத் தீவின் கூரைகளையும் காட்டு மரங்களின் இலைகளையும் ஒருசேர உரித்துப் போட்டது. இன்று காடு மறுபடி பச்சை பிடித்து நிற்கிறது.

ரோசோவிலிருந்து பள்ளத்தாக்கில் ஏறினால் டிரஃபால்கர் இரட்டை அருவி. ஒன்று அப்பா அருவி, இன்னொன்று அம்மா அருவி. அப்பா அருவியின் அருகே பாறையிடுக்கில் வெந்நீர் வருகிறது. ஒரு பக்கம் குளிர்ந்த ஆறு, மறு பக்கம் சூடான ஊற்று. பக்கத்து ஊரான வோட்டன் வேவனில் கந்தகக் குளியல் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். மூட்டுவலிக்காரப் பெரியவர்கள் அங்கே அரை நாள் கழிப்பது நல்லது. நீந்தத் தெரிந்தவர்கள் தெற்கே ஷாம்பெயின் பாறைத்திட்டுக்குப் போகலாம். கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழ்குமிழாகக் கிளம்பி, நீந்துகிறவரைச் சுற்றி மேலே போகும். கொதிக்கும் ஏரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது போக வர ஒரு முழு நாள் மலையேற்றம். கப்பல் நேரத்துக்குள் அடங்காது.

நம் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்தத் தீவுகளில் ராஸ்தஃபாரியர்கள் நடத்தும் ‘ஐட்டல்’ சாப்பாட்டுக் கடைகளில் இறைச்சி கிடையாது. கிழங்கு, பயறு, சீமைப்பலா, கீரை எல்லாம் தேங்காய்ப்பாலில் வேகும். உப்பு குறைவாக இருக்கும். காரம் கேட்டால் போடுவார்கள். சந்தைப் பக்கம் விசாரித்தால் கை காட்டிவிடுவார்கள்.

கிரெனடா: ஜாதிக்காய் மணக்கும் தீவு

கொடியிலேயே ஜாதிக்காய் வைத்திருக்கும் நாடு கிரெனடா. 2004-ல் ஐவன் புயல் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. ஜாதிக்கன்று காய்க்கப் பல வருடம் ஆகும் என்பது நம் குற்றாலம், கன்னியாகுமரி விவசாயிகளுக்குத் தெரியும். அந்த அடியிலிருந்து மெல்ல எழுந்துவரும் தொழில் அது. மேற்குக் கரையில் குயாவ் என்ற மீன்பிடி ஊரில் ஜாதிக்காயைத் தரம் பிரிக்கும் பழைய மரக் கட்டடம் இருக்கிறது. சாக்கு மூட்டைகளில் ஏற்றுமதி ஊரின் பெயரை அச்சுப்பலகை வைத்துப் பதிப்பார்கள். காரம் நிறைந்த அந்தக் காற்றை மூச்சிழுத்தாலே போன காரியம் முடிந்தது.

கடலில் இறங்க ஆசை உள்ளவர்களுக்கு மொலினேர் விரிகுடா. 2006-ல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற சிற்பி கடலடியில் சிற்பங்களை நிறுத்தி வைத்தார். கைகோத்து வட்டமாக நிற்கும் பிள்ளைகளின் மேல் இப்போது பவளமும் பாசியும் வளர்ந்திருக்கின்றன. செயின்ட் ஜார்ஜஸ் துறையிலிருந்து படகில் போய், மூச்சுக்குழாய் மாட்டி மேலிருந்தே பார்க்கலாம். ஊருக்கு மேல் நிற்கும் ஜார்ஜ் கோட்டைக்கு வேறொரு நினைவு உண்டு. 1983 அக்டோபர் 19 அன்று பிரதமர் மாரிஸ் பிஷப்பைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டது அங்கேதான். ஆறு நாளில் அமெரிக்கப் படை வந்து இறங்கியது.

மற்றத் தீவுகளைப் பற்றிச் சுருக்கமாக. பார்படாஸில் துறைமுகத்திலிருந்து நடந்தே கென்சிங்டன் ஓவல் மைதானத்துக்குப் போகலாம். 2024 ஜூன் 29 அன்று இந்தியா டி-20 உலகக் கோப்பையை வென்ற மண் அது, வாசலில் சோபர்ஸ் சிலை. செயின்ட் லூசியாவில் பிட்டன் மலைகளைப் பார்க்க வளைந்து வளைந்து போகும் சாலையை விடப் படகு மேல். செயின்ட் கிட்ஸில் அடிமைகள் கல் சுமந்து கட்டிய பிரிம்ஸ்டோன் மலைக்கோட்டை. சின்ட் மார்ட்டினில் எல்லாரும் தலைக்கு மேல் விமானம் இறங்கும் மாஹோ கடற்கரைக்கு ஓடுவார்கள். ஜெட் காற்று தூக்கியடித்து 2017-ல் அங்கே ஒரு பெண் உயிரிழந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். குராசோவில் வண்டியே தேவையில்லை. 1888-லிருந்து மிதக்கும் எம்மா ராணிப் பாலத்தில் நின்றால் ஊர் முழுக்கக் கண்முன் தெரியும்.

இறங்குவதற்கு முன்

முதலில் கடிகாரம். கப்பல் நேரமும் தீவு நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோடையில் மயாமியிலிருந்து கிளம்பிய கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், ஜமைக்காவிலும் கோஸுமெலிலும் ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். உங்கள் செல்போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறி மூன்று என்று காட்டும். கப்பலில் நாலு ஆகியிருக்கும். கப்பலை விட்டவர்கள் கதைகளில் பல இப்படி நடந்தவைதான். செல்போனோடு இணையாத ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

கப்பல் கம்பெனி விற்கும் சுற்றுலாவில் போனால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். விலை அதிகம், கூட்டமும் அதிகம். நீங்களே வண்டி பிடித்தால் காத்திருக்காது. அடுத்த துறைமுகம் வரை உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். தூரமாகப் போகும் நாளில் கப்பல் சுற்றுலா, பக்கத்தில் போகும் நாளில் சொந்த வண்டி என்று பிரித்துக்கொள்வது புத்தி. எப்படியானாலும் ஏறச் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள். கப்பலில் தினமும் தரும் தாளில் துறைமுக ஏஜென்ட் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள்.

டாக்சியில் ஏறுமுன் தொகையோடு எந்த நாட்டுப் பணம் என்பதையும் பேசிவிட வேண்டும். டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் லூசியா, செயின்ட் கிட்ஸ், ஆன்டிகுவாவில் புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர்; ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்பது 1976 முதல் மாறாத கணக்கு. ‘இருபது டாலர்’ என்றால் எந்த டாலர் என்று கேளுங்கள். பிரெஞ்சுத் தீவுகளில் யூரோ. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பல் என்றால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். மார்ட்டினிக்கும் குவாதலூப்பும் பிரான்ஸ் என்றாலும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பவை. ஆகவே அங்கே இறங்க எந்த விசா வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கப்பல் கம்பெனியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ராணுவப் புள்ளிச் சட்டை, கால்சட்டை, தொப்பி எதுவும் வேண்டாம். பார்படாஸ், செயின்ட் லூசியா, டொமினிக்கா, கிரெனடா போன்ற பல தீவுகளில் அதைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. கடற்கரையில் மரநிழல் தேடும்போது சிவப்பு வளையம் தீட்டிய மரத்தடியில் உட்காராதீர்கள். அது மான்சினீல். சிறிய பச்சை ஆப்பிள்போல் காய்க்கும். காயும் பாலும் கொடிய நஞ்சு. மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினாலே சொட்டும் நீரில் தோல் கொப்பளிக்கும். சில கரைகளில் எச்சரிக்கைப் பலகையும் இருக்காது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. கடையிலோ பேருந்திலோ ஏறியதும் ‘குட் மார்னிங்’ சொல்லாமல் விலை கேட்பது இந்தத் தீவுகளில் மரியாதைக் குறைவு. பிரெஞ்சுத் தீவுகளில் ‘போன்ழூர்’. அந்த ஒரு சொல்லுக்கு முகமும் மாறும், விலையும் மாறும்.

கப்பலில் சாப்பாடு டிக்கெட்டிலேயே அடங்கிவிட்டது. அதனால் கரையில் பத்துப் பைசா செலவழிக்காமல் திரும்புகிறவர்கள் ஏராளம். இவ்வளவு பேர் வந்து போயும் தீவுக்குக் கிடைப்பது சொற்பம் என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் ஆதங்கம், நியாயமான ஆதங்கமும்கூட. கப்பல் கம்பெனிகள் இப்போது தங்களுக்கென்றே தனித் தீவும் தனிக் கடற்கரையும் வைத்துக்கொண்டு அங்கேயும் பயணிகளை இறக்குகின்றன. அந்த நாளில் உள்ளூர்ச் சந்தைக்கு ஒரு காசும் போகாது. ஆகவே பயணம் பதிவு செய்யும்போது, மக்கள் வாழும் துறைமுகங்கள் அதிகமுள்ள பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மதியச் சாப்பாட்டை ஊருக்குள் சாப்பிடுங்கள். ஜாதிக்காயையும் கொலொம்போ பொடியையும் சந்தையில் உட்கார்ந்து விற்கும் பெண்களிடமே வாங்குங்கள். குவாதலூப்பில் ஒரே ஒரு நாள்தான் கப்பல் நிற்கும் என்றால், அந்த நாளை ஷாங்கி கோயிலுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.